ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லை

கோத்தா கோலா மூடாவில் மீன் வாங்கப் போகிறவர்களுக்குப் பாசார் பீசிக் தெரிந்திருக்கும். ‘பீசிக்’ என்றால் மலாயில் கிசுகிசுப்பது. படகு கரைக்கு வந்ததும் மீன் கூடைகளைத் தரையில் இறக்கி வைப்பார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், விற்பவரின் காதோடு தங்கள் விலையைச் சொல்லிவிட்டு விலகி நிற்பார்கள். யார் எவ்வளவு கேட்டார் என்பது விற்பவருக்குத்தான் தெரியும். கூடை கடைசியில் யாருக்குப் போகிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

சின்ன வயதில் அப்பாவின் மோட்டார் பின்னால் உட்கார்ந்து அங்கே போவேன். “ஏம்ப்பா சத்தமா சொல்ல மாட்டேங்கிறாங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “சத்தமா சொன்னா சண்ட வரும்டா. இப்படிச் சொன்னா எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க” என்றார். மீன் விலைக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஓர் ஆய்வு முடிவுக்கும் அது நல்ல ஏற்பாடா? சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் கட்டுமானப் பொறியாளன். வடிகாலும் வெள்ளத் தடுப்பும் என் வேலை. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். வடக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல், சுற்றுச்சூழல் ஆய்வுகளுக்கென்று வாராந்திரக் கருத்தரங்கு ஒன்று நடக்கிறது. புதன்கிழமை மதியம். யாரும் வரலாம் என்று சுவரொட்டியில் போட்டிருப்பார்கள். வருகிறவர்கள் என்னவோ முதுகலை மாணவர்களும் அவர்களுடைய மேற்பார்வையாளர்களும்தான். கடலோர வடிகால் வேலை ஒன்றுக்காகச் சேற்று நிலம் பற்றித் தெரிந்துகொள்ள ஒருநாள் போனேன். பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். கடைசியில் கொடுக்கும் கறிபாப்பும் தே ஓ-வும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பெரிய காரணம் வேறு. அங்கே பேசுகிறவர்கள் “தெரியவில்லை” என்று சொல்கிறார்கள். நண்டு வளைகளை மாதக்கணக்கில் எண்ணிய ஒரு மாணவர், எண்ணிக்கை ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு, “மூன்று காரணம் இருக்கலாம். எது என்று சொல்ல என் தரவு போதாது” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை. என் துறையில் வாடிக்கையாளர் முன்னால் அப்படிச் சொன்னால் அடுத்த வாரம் அந்த வேலை நம்மிடம் இருக்காது. சந்தேகத்தை இவ்வளவு மரியாதையோடு நடத்தும் ஓர் அறையை நான் அதுவரை பார்த்ததில்லை.

என் ஊரையே எனக்கு அந்த அறைதான் காட்டிக் கொடுத்தது. மெர்போக் ஆற்றின் முகத்துவாரம் எங்களுக்குக் கொசுக்காடு, அவ்வளவுதான். வாரக் கடைசியில் தூண்டில் போடப் போகும் இடம். அது ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள முகத்துவாரம் என்பதும், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஓங் ஜின் இயோங், கோங் வூய் கூன் உள்ளிட்டோர் அதன் நீரோட்டத்தையும் உப்பையும் அளந்து 1991-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள் என்பதும் அங்கே போன பிறகுதான் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே என் வீட்டுப் பின்பக்கத்தை யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள்.

*

சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவை ஒட்டி ஒரு புதன்கிழமை அமர்வு நடந்தது. மூத்த விரிவுரையாளர் ஒருவர் பேசினார். முதல் படத்தில் கோத்தா கோலா மூடா நினைவிடத்தில் வைத்திருக்கும் உடைந்த படகுகள். 26 டிசம்பர் 2004 அன்று எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை. அப்பா மீன் வாங்கப் புறப்பட்டவர், மோட்டார் சக்கரம் காற்றுப் போனதால் தாமதமாகி, பாதி வழியில் எதிரே ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அந்த டயரைப் பற்றி அம்மா இன்றும் பேசுவார். நாடு முழுவதும் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். எங்கள் கரையிலும் உயிர் போனது, வீடுகள் போயின.

விரிவுரையாளர் பாக்காவ் மரங்களைப் பற்றிப் பேசினார். தமிழில் அலையாத்தி என்போம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரங்களில் அவை நடப்பட்ட கதையைச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளை வைத்து இன்னும் நட ஒரு திட்டம் இருப்பதாகச் சொல்லி, கம்பத்து மக்களுக்கான சுவரொட்டியைக் காட்டினார். பெரிய எழுத்தில் ஒரே வரி: பாக்காவ் காடு உயிர் காக்கும்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து முதுகலை மாணவி ஒருத்தி கை தூக்கினாள். தமிழ்ப்பெண். “டாக்டர், பரங்கிப்பேட்டை ஆய்வுக்கு 2006-இல் ஒரு மறுப்பு வந்ததே. அதை இந்த வரியில் எப்படிச் சேர்ப்பது?”

அவர் கோபப்படவில்லை. சிரித்தபடியே சொன்னார்: “நீ சொல்வது சரி. ஆனால் அது இந்த அறைக்குள் பேச வேண்டியது. கம்பத்தில் போய் அதைச் சொல்லி மக்களைக் குழப்ப முடியாது. செய்தி எளிமையாக இருக்க வேண்டும்.”

அறையில் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டி முடித்த பிறகுதான் ‘மக்களைக் குழப்ப முடியாது’ என்ற சொற்களை இதற்கு முன் எங்கே கேட்டேன் என்று நினைவு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெண் கேட்டது என்ன என்பதைப் பார்ப்போம்.

*

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுனாமி அந்தக் கரையைக் கடுமையாகத் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அந்த மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் இராஜேந்திரனும் 18 மீனவக் குடியிருப்புகளில் ஏற்பட்ட இழப்புகளைத் தொகுத்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடலோரத் தாவரங்கள் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் உயிரிழப்பு குறைவு, ஆகவே அலையாத்திக் காடுகள் சுனாமியின் தாக்கத்தைத் தணித்தன என்பது அவர்கள் முடிவு. உலகமே அதைக் கேட்கக் காத்திருந்தது. கடலோரக் காடுகளை மீட்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் அது ஒன்றாயிற்று.

அடுத்த ஆண்டு கெர், பேர்ட், கேம்பல் என்ற மூவர் அதே இதழில் ஒரு மறுப்பு எழுதினார்கள். புதிய தரவு எதையும் அவர்கள் எடுக்கவில்லை. அதே 18 குடியிருப்புகள், அதே எண்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன. அப்படியானால் உயிர்களைக் காத்தது மரமா, தூரமும் உயரமுமா? தூரத்தையும் உயரத்தையும் கணக்கில் எடுத்த பிறகு, தாவரங்களின் பங்கு என்று தனியாகச் சொல்ல அந்தத் தரவில் ஒன்றும் பெரிதாக மிஞ்சவில்லை என்றார்கள். கதிரேசன் தரப்பு பதில் எழுதியது. அதே தரவை இன்னொரு முறையில் அலசி மரங்களுக்குச் சாதகமாக எழுதியவர்களும் உண்டு. வாக்குவாதம் அங்கேயே நின்றுவிடவில்லை.

யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிணங்களை எண்ணிய ஊரில், எண்ணி முடித்த சில மாதங்களுக்குள் ஓர் ஆய்வு எழுதுவது எளிய காரியமில்லை. அவர்கள் பார்த்ததை எழுதினார்கள். மற்றவர்கள் அதைச் சோதித்தார்கள். அறிவியல் நடக்க வேண்டியது இப்படித்தான்.

பொறியாளனாக எனக்குப் பிடித்த எண்கள் பிறகு வந்தன. 2012-இல் வெளியான ஒரு மீளாய்வுத் தொகுப்பின்படி, 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு சாதாரணக் காற்றலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும். சுனாமிக்கு அது போதாது. சில நூறு மீட்டர் அகலக் காடு வேண்டும். அப்போதும் வெள்ளத்தின் ஆழம் குறைவது 5 முதல் 30 விழுக்காடு. அதாவது மரம் உதவும். நாலு மீட்டர் தண்ணீரை மூன்று மீட்டர் ஆக்கக்கூடும். மூன்று மீட்டர் தண்ணீரில் ஓர் ஆள் நிற்க முடியாது.

‘அலையாத்தி’ என்ற சொல்லை அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். அலையை ஆற்றுவது. தேநீரை ஆற்றுகிறோமே, அந்த ஆற்றல். சூடு குறையும், போய்விடாது. அந்தப் பெயரை வைத்தவருக்கு எந்தப் புள்ளியியலும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் ‘அலைதடுப்பான்’ என்று பெயர் வைக்கவில்லை. சுவரொட்டியைவிட அந்தப் பழைய சொல் அளவோடு பேசுகிறது.

*

தே ஓ வரிசையில் விரிவுரையாளரிடம் போய்க் கேட்டேன். அந்த மாணவியும் நின்றாள். அவர் எங்களை ஒதுக்கவில்லை. அவர் சொன்னதை நியாயமாக இங்கே வைக்க வேண்டும்; ஏனென்றால் அது லேசான வாதம் இல்லை.

“மெர்போக்கில் இறால் குளத்துக்காக எவ்வளவு பாக்காவ் போயிருக்கிறது என்று போய்ப் பார். நான் ‘ஒருவேளை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்த கூட்டத்தில் குளத்து முதலாளியின் ஆள் எழுந்து, ‘விஞ்ஞானிகளே உறுதியாகச் சொல்லவில்லையே’ என்பான். மரம் போய்விடும். போன மரம் திரும்ப முப்பது வருஷம் ஆகும். சந்தேகம் நமக்கு நேர்மை. அவனுக்கு அது ஆயுதம்.”

இது உண்மை. 1969-இல் அமெரிக்கச் சிகரெட் நிறுவனம் ஒன்றின் உள்குறிப்பு, தங்கள் சரக்கே சந்தேகம்தான் என்ற பொருளில் எழுதப்பட்டது பின்னாளில் வெளிவந்தது. புகை புற்றுநோயைத் தரும் என்று மருத்துவர்கள் சொல்லச் சொல்ல, ‘இன்னும் நிரூபிக்கப்படவில்லை’ என்று சொல்லியே பல ஆண்டுகள் ஓட்டினார்கள். பருவநிலை மாற்றத்திலும் அதே வியாபாரம் நடந்தது. ‘உறுதியில்லை’ என்ற சொல்லால் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கறிபாப்பைத் தின்றுவிட்டுக் காடியை எடுத்தேன். வழியெல்லாம் ஒரு பாட்டியின் முகம்தான் வந்தது.

*

என் முதல் வேலையில், பெயர் சொல்ல வேண்டாம், ஒரு சிற்றாற்றின் ஓரமாகத் தடுப்புச் சுவரும் நீர்க்கதவும் கட்டும் திட்டத்தில் இருந்தேன். அந்தக் கரையில் மலிவு விலை வீடுகள். தோட்டம் விற்கப்பட்டு லயத்தைவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வேலை முடிந்ததும் மக்களுக்கு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். தமிழ் பேசுகிறவன் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

சுவர் ஐம்பதாண்டு மீள்வரவு வெள்ளத்துக்கு வடிவமைக்கப்பட்டது. எங்கள் துறையில் இதற்கு ஒரே அர்த்தம்: அந்த அளவு வெள்ளம் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 2 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஐம்பது ஆண்டுக்கு வராது என்று அர்த்தமில்லை. கணக்குப் போட்டால், முப்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது அதைத் தாண்டி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு. காசு சுண்டிப் போடுவதற்குக் கொஞ்சம் குறைவு. இதை ஒரு பக்கமாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மேலதிகாரி அந்தப் பக்கத்தை உருவி எடுத்தார். “மக்களக் குழப்பாத. பாதுகாப்பா இருக்கு, அவ்ளோதான்” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அங்கே கூடியிருந்த முகங்களைப் பார்த்தபோது எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வருஷா வருஷம் சாமான்களைத் தூக்கி மேலே வைத்து அலுத்தவர்கள். முன்வரிசையில் ஒரு பாட்டி. “அப்ப இனிமே தண்ணி வராதா தம்பி?” என்று கேட்டார்.

“ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்ல பாட்டி” என்றேன்.

கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு மழையில் தண்ணீர் வந்தது. சுவர் உடையவில்லை. மழை வடிவமைப்பு அளவைத் தாண்டிவிட்டது, தண்ணீர் சுவருக்கு மேலாக வந்தது. அறிக்கை அப்படித்தான் சொன்னது; அறிக்கை சரி. யார் மேலும் தவறில்லை. நான் பார்க்கப் போனேன். பாட்டி வீட்டு வாசலில் காகிதங்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். சூராட் பெரானாக், செத்துப்போன தாத்தாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், சிவப்பு அடையாள அட்டையை நீலமாக்கக் கொடுத்த மனுவின் நகல்கள். மை கரைந்து எழுத்து போயிருந்தது. அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சுவரில் உயரமாக ஆணி அடித்து மாட்டியிருந்தாராம், பல வருஷமாக. என் கூட்டத்துக்குப் பிறகு எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார்.

“நீதான் சொன்னியேய்யா” என்றார். திட்டவில்லை. நினைவுபடுத்துவது மாதிரிதான் சொன்னார். டீ குடிக்கிறியா என்றும் கேட்டார்.

*

வாய்மை பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். கான்ட் மாதிரி, கொலைகாரன் கதவைத் தட்டி நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. நான் வள்ளுவர் பக்கம்தான். சாகக்கிடக்கும் மனிதரிடம் மருத்துவ அறிக்கையை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்தக் குறளை நம் வசதிக்கு எடுத்துக்கொள்ளும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். வள்ளுவர் வெறும் நன்மை என்று சொல்லவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்கிறார். அந்த நிபந்தனை எவ்வளவு கடினமானது என்பது பாட்டியின் வாசலில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்னது நன்மைதான் தந்தது, இரண்டு வருஷத்துக்கு. நிம்மதியான தூக்கம். அதற்குள் ஒளிந்திருந்த குற்றம் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. வழியில்லாதவன் அந்த விலக்கைப் பயன்படுத்தக் கூடாது.

இத்தாலியில் லாக்குயிலா என்ற ஊரில் 2009-இல் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். மாதக்கணக்கில் சிறு நடுக்கங்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறையாக ஒரு பழக்கம் உண்டு: நடுங்கினால் வீட்டைவிட்டு வெளியே வந்து இரவைக் கழிப்பது. மார்ச் 31-இல் நிபுணர் கூட்டம் நடந்தது. அதையொட்டி அரசு அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில், பயப்படத் தேவையில்லை, நிம்மதியாக ஒரு கோப்பை வைன் குடிக்கலாம் என்கிற தோரணையில் பேசினார். ஏப்ரல் 6 அதிகாலை 3.32-க்குப் பெரிய நிலநடுக்கம். 309 பேர் இறந்தார்கள். அன்றிரவு முன்நடுக்கம் வந்தபோது, அந்த ஆறுதலை நம்பி வெளியே போகாமல் உள்ளேயே தங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்று உறவினர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2012-இல் ஏழு பேருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அந்த அதிகாரிக்கு மட்டும் தண்டனை குறைந்த அளவில் நின்றது.

நிலநடுக்கத்தைக் கணிக்கவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. அதை யாராலும் கணிக்க முடியாது. என்னைத் தொந்தரவு செய்வது அந்த ஊர்ப் பழக்கம்தான். வெளியே போவது அவர்களுடைய ஆணி. பாட்டி பையை மாட்டி வைத்திருந்த ஆணி மாதிரி. படித்தவர் ஒருவர் வந்து உறுதியாக ஒரு வாக்கியம் சொன்னார், அவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்ல முடியாது. சுருக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நாம் விட்டுவிடும் சொல்லுக்கு விலை கொடுக்கப்போவது யார் என்று கேட்டுக்கொள்ளலாம். நான் விட்ட 45 விழுக்காட்டுக்கு விலையை நான் கொடுக்கவில்லை. என் மேலதிகாரியும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. நமக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றி நாம் சுருக்கிக்கொள்ளலாம். இன்னொருவருக்கு வரக்கூடிய ஆபத்தைச் சுருக்கிச் சொல்வது, அவர் எடுக்க வேண்டிய முடிவை அவருக்குத் தெரியாமலே நாம் எடுத்துவிடுவது.

விரிவுரையாளரின் வாதத்துக்கும் எனக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. சிகரெட் கம்பெனி விற்கும் சந்தேகம் ‘ஒன்றும் செய்யாதே’ என்று சொல்கிறது. நேர்மையான சந்தேகம், என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். ‘மரம் சுனாமியை நிறுத்துமா தெரியாது’ என்று நிறுத்திக்கொண்டால் இறால் குளத்துக்காரன் எடுத்துக்கொள்வான். ‘மரம் சாதாரண அலையைக் குறைக்கும், கரை அரிப்பைத் தணிக்கும், மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் அதுதான் தொட்டில், சுனாமியில் கொஞ்சம் உதவலாம், ஆனால் சங்கு ஊதினால் மரத்தை நம்பி நிற்காதே, ஓடு’ என்று சொன்னால் குளத்துக்காரனுக்கு அதில் எடுக்க ஒன்றுமில்லை. சுவரொட்டிக்குக் கொஞ்சம் நீளம்தான். இரண்டு சுவரொட்டி ஒட்டலாம்.

*

கருத்தரங்குக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை கோத்தா கோலா மூடாவுக்குப் போனேன். வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பாக்சிக்கிடம் பேச்சுக் கொடுத்தேன். சுனாமியில் படகை இழந்தவர். மரம் நட்டதைப் பற்றிக் கேட்டேன். “நட்டாங்க. சுவர் மாதிரி நிக்கும்னாங்க. நான் நம்பல. அந்தத் தண்ணிய நான் பாத்திருக்கேன்” என்று மலாயில் சொன்னார். கொஞ்ச நேரம் ஊசியை ஓட்டிவிட்டு, “என் பேரன் நம்புறான். பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க” என்றார்.

பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத்தான் வார்த்தைகள் மட்டும் இருக்கின்றன. அந்த வார்த்தைகளில் ஒரு சொல் குறைந்தால் அவர்களிடம் ஈடுகட்ட வேறு ஒன்றும் இல்லை.

அன்று நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 8.58-க்கு. அலை எங்கள் கரைக்கு வந்தது மதியம் ஒரு மணிக்குப் பிறகு. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. நிலநடுக்கம் நடந்த கால் மணி நேரத்தில் ஹவாயிலிருந்த எச்சரிக்கை மையம் அறிக்கை அனுப்பியது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று அதில் இருந்தது. இந்தியப் பெருங்கடல் கரைகளுக்குச் சொல்ல அப்போது ஓர் ஏற்பாடே கிடையாது. தெரிந்தவர்களின் அறையிலிருந்து தெரியாதவர்களின் கரைக்கு ஒரு வழி இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் நம் நாட்டுக் கரைகளில் எச்சரிக்கைச் சங்குகள் வந்தன. இனி வழி இருக்கிறது. அதில் எதை அனுப்பப்போகிறோம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

*

மக்கள் குழம்புவார்கள் என்கிறோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களைப் போல உறுதியில்லாமையோடு வாழ்ந்தவர்கள் யார்? காலையில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. கித்தா விலை சிங்கப்பூரில் யாரோ முடிவு செய்வார்கள். அந்தப் பாட்டி வாரா வாரம் நாலு நம்பர் எழுதுகிறவர். பத்தாயிரத்தில் ஒன்று என்பது அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். காகிதங்களில் சிலவற்றுக்கு மறுநகல் வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைந்ததில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. இன்னும் எல்லாம் கிடைக்கவில்லை. அன்று உட்கார்ந்து கணக்கைச் சொன்னேன். “பாட்டி, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. சுவர் நல்ல சுவர்தான். சின்ன வெள்ளமெல்லாம் உள்ள வராது. ஆனா பெரிசு ஒண்ணு எந்த வருஷமும் வரலாம். இந்த வருஷம் வர்றதுக்கு நூறுல ரெண்டு. உங்க பேத்தி உங்க மக வயசுக்கு வர்றதுக்குள்ள ஒரு தடவயாவது வர்றது, காசு சுண்டிப் போடுற மாதிரி.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நூறுல ரெண்டா? நம்பர் விழுறதுக்கு அவ்ளோ சான்ஸ் இருந்தா நான் எப்பவோ வீடு வாங்கியிருப்பேனே” என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “இத அன்னிக்கே சொல்லியிருந்தா பைய ஆணியிலயே விட்டிருப்பேன்.”

“ஆமா பாட்டி.”

சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் மங்கலாகத் தெரிந்தது. பாட்டி அதைக் காட்டி, “சரி, இப்ப எங்க அடிக்கட்டும்?” என்று கேட்டார்.

அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டு சாண் அளந்து பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அதையும் தாண்டி வருமா என்று அவர் கேட்பதற்கு முன்பே, வரலாம், ஆனால் ரொம்பக் குறைவு, வந்தால் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்குப் போய்விடுங்கள் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு வந்தார், ஆணி அடிக்க.